வழிவிடும் மண், வழிமறிக்கும் மண்

2013 மார்ச் 12. ஜப்பானின் அட்சுமி, ஷிமா தீபகற்பங்களுக்கு அப்பால் நடுக்கடலில் நின்றிருந்த ‘சிக்யூ’ என்ற துளையிடும் கப்பலின் பின்புறத்தில் ஒரு தீச்சுவாலை எழுந்தது. 1,000 மீட்டர் நீருக்கும் அதன் கீழே ஏறத்தாழ 300 மீட்டர் மண்ணுக்கும் அடியில், பனிக்கட்டி போல் உறைந்து கிடந்த மீத்தேன் வாயுவாகி மேலேறி வந்து எரிந்தது. கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வாயு எடுத்த முதல் சோதனை அது. ஆறு நாளில் சுமார் 1,20,000 கன மீட்டர் வாயு கிடைத்தது. ஆறாம் நாள் கிணற்றுக்குள் மணல் ஏறியது. சோதனை அத்துடன் நின்றது.

நான்கு ஆண்டு கழித்து, 2017-இல், அதே நங்காய் பள்ளப் பகுதியில் இரண்டு கிணறுகள் போட்டார்கள். முதல் கிணறு 12 நாள் ஓடியது. மணல் தடுக்கப் புதிய ஏற்பாடு செய்திருந்தும் மணலே அதை நிறுத்தியது. இரண்டாவது கிணறு மணல் ஏறாமல் 24 நாள் ஓடி, இரண்டு லட்சம் கன மீட்டருக்குமேல் வாயு தந்தது. ஆனால் கணினி மாதிரிகள் சொன்னபடி வரத்து நாளுக்கு நாள் கூடவில்லை. கிணறு சரியாக இருந்தது, ஹைட்ரேட்டும் இருந்தது. மண் மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை.

ஹைட்ரேட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு இருக்கிறது என்பதிலேயே தொடங்குகிறார்கள். இந்தியக் கடலடியில் 1,894 லட்சம் கோடி கன மீட்டர் வாயு ஹைட்ரேட்டாக உறைந்து கிடக்கிறது என்ற மதிப்பீடு அரசு ஆவணங்களிலும் செய்திகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு அந்த எண்ணில் பெரிய ஈடுபாடு இல்லை. அதில் எவ்வளவு மேலே வரும், வந்தால் கடலடி நிலம் நின்ற இடத்தில் நிற்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அது பதில் சொல்வதில்லை. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: அந்த மண் தன் வழியே நீரையும் வாயுவையும் எந்த அளவுக்குப் போகவிடும் என்பதில். அறிவியல் தமிழில் இதை ஊடுருவுதிறன் என்கிறோம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். நீர் மூலக்கூறுகள் கூண்டு கூண்டாகக் கோத்துக்கொண்டு நடுவில் மீத்தேன் மூலக்கூறைப் பிடித்து வைத்திருப்பதுதான் மீத்தேன் ஹைட்ரேட். குளிரும் அழுத்தமும் சேர்ந்தால்தான் கூண்டு நிற்கும். 4 டிகிரி குளிரில் ஏறத்தாழ 40 வளிமண்டல அழுத்தம், அதாவது 400 மீட்டர் நீரின் பாரம், தேவை. வெப்பம் கூடக்கூடத் தேவையான அழுத்தமும் ஏறும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உடைந்தால், நம் தரைமட்ட அழுத்தத்தில் அளந்து சுமார் 160 கன மீட்டர் வாயு வரும். கூடவே 0.8 கன மீட்டர் நீரும் வரும். அது உப்பில்லாத நன்னீர். இந்த நன்னீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

கோடையில் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு ஊடுருவுதிறனைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முழங்கை ஆழம் பறித்தால் குழியின் பக்கங்களிலிருந்து நீர் கசிந்து நிறைகிறது. இறைக்க இறைக்க ஊறுகிறது. அதே குழியைக் களிமண் தரையில் தோண்டினால் பக்கங்கள் ஈரமாகத்தான் இருக்கும், நீர் சேராது. இத்தனைக்கும் கடலடிக் களி மணலைவிட அதிக நீரைத் தன்னுள் வைத்திருக்கும். மணலில் நூற்றுக்கு 40 பங்கு வெற்றிடம் என்றால், ஆழ்கடல் சேற்றில் 50, 60 பங்குகூட இருப்பதுண்டு. இடம் எவ்வளவு என்பது வேறு, வழி எவ்வளவு என்பது வேறு. மணலில் இடைவெளிகள் பெரியவை, ஒன்றோடொன்று தொடர்பவை. களியில் அவை மயிரிழையினும் மெல்லியவை.

இந்த வேறுபாட்டை முதலில் எண்ணாக்கியவர் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி. டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த அவர், மணல் நிரப்பிய குழாய்களில் நீரை ஓடவிட்டு அளந்து, 1856-இல் தன் விதியை வெளியிட்டார். ஊடுருவுதிறனின் அலகு இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. நல்ல மணல் ஒரு டார்சி அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். வண்டல் கலந்த மண்ணில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகவும், களியில் லட்சத்தில் ஒரு பங்காகவும், இன்னும் கீழாகவும் இறங்கிவிடும். மண்ணின் பண்புகளில் இவ்வளவு பெரிய வீச்சில் மாறுவது அரிது. கிணற்றைச் சில நூறு மீட்டர் தள்ளிப் போட்டதால் விளைவு தலைகீழாவது இதனால்தான்.

ஹைட்ரேட் இந்த வழிக்குள்தான் வந்து உட்காருகிறது. அது மணலின் மணிகளைத் தோல்போல் போர்த்தி வளர்ந்தால், வழியின் நடுப்பகுதி ஓரளவு திறந்திருக்கும். இடைவெளியின் நடுவிலேயே வளர்ந்தால், கொஞ்சம் இருந்தாலும் வழியை மறிக்கும். இயற்கையான மணல் படிவுகளில் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான் தென்படுகிறது. மீதி இடம் பாதியானால் ஊடுருவுதிறனும் பாதியாகும் என்று நாம் எண்ணுவோம். அப்படி ஆவதில்லை. எளிய மாதிரிகளே மீதி இடத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பயன்படுத்துகின்றன: இடம் பாதியானால் வழி எட்டில் ஒரு பங்கு. துளைகளில் 80 விழுக்காட்டை ஹைட்ரேட் பிடித்துக்கொண்டால், அதே கணக்கில் நூற்றில் ஒரு பங்கு வழிகூட மிஞ்சாது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. எந்த மண் நல்ல மணலோ அதில்தான் ஹைட்ரேட் நிறையச் சேர்கிறது, ஏனென்றால் மீத்தேன் கரைந்த நீர் அதனுள்தான் எளிதாக நுழைய முடிந்தது. அப்படிச் சேர்ந்தபிறகு, அந்த மணலே அடைபட்ட மண்ணாகிவிடுகிறது. கிணற்றில் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்து ஹைட்ரேட்டை உடைப்பதுதான் இன்று நம்பிக்கை தரும் முறை. கனடாவின் மாலிக் களத்தில் 2002-இல் சூடான நீரைச் செலுத்திப் பார்த்தார்கள். ஐந்து நாளில் கிடைத்தது சில நூறு கன மீட்டர் வாயு. 2008-இல் அதே இடத்தில் அழுத்தத்தைக் குறைத்தபோது ஆறு நாளுக்குள் சுமார் 13,000 கன மீட்டர் வந்தது. ஆனால் கிணற்றில் குறைத்த அழுத்தம் தொலைவிலிருக்கும் ஹைட்ரேட்டுக்குத் தெரியவேண்டுமே! இடையிலுள்ள மண்ணில் அசையக்கூடிய நீர் கொஞ்சமாவது இருந்து, அது நகர வழியும் இருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அடியோடு அடைபட்ட மண்ணில் கிணற்றைச் சுற்றிச் சில மீட்டர் மட்டும் உடையும். அப்பால் உள்ளது அப்படியே கிடக்கும்.

உடையத் தொடங்கியதும் வழி திறக்கும், வரத்து பெருகும் என்று மாதிரிகள் சொல்கின்றன. திறக்கத்தான் செய்கிறது. ஆனால் திறக்கும் வழியை மறுபடி அடைக்க மூன்று காரணங்கள் காத்திருக்கின்றன.

முதலாவது குளிர். ஹைட்ரேட் உடைய வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியிருக்கும் மண்ணிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண் குளிர்கிறது, உடைவு மந்தமாகிறது. அழுத்தத்தை அளவுமீறிக் குறைத்தால் ஹைட்ரேட் மீண்டும் உறைந்தோ, நீரே பனிக்கட்டியாகியோ வழியை அடைக்கும்.

இரண்டாவது நெரிவு. இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். நங்காய் சோதனையில் கிணற்றடி அழுத்தம் 130-க்கும் மேற்பட்ட வளிமண்டல அளவிலிருந்து 50-க்கு அருகே இறக்கப்பட்டது. கடலடியில் 300 மீட்டர் ஆழத்தில் மண்மணி மண்மணியோடு அழுந்தும் விசையை நாமே கணக்கிடலாம். நீரில் மூழ்கிய மண்ணின் நிகர எடை கன மீட்டருக்கு முக்கால் டன் என்று வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 23 கிலோ. துளைகளிலுள்ள நீர் அதுவரை தாங்கியிருந்த 80 வளிமண்டல அழுத்தத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாரம் முழுவதும் மணிகளின் தலையில் இறங்கும். கிணற்றோரம் 23 கிலோ தாங்கிய மண் 100 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். மணிகளைப் பிணைத்து வைத்திருந்த ஹைட்ரேட்டும் அதே நேரத்தில் கரைந்து போகிறது. மண் இறுகுகிறது, இடைவெளி சுருங்குகிறது, ஊடுருவுதிறன் மறுபடி வீழ்கிறது. பிணைப்பு இழந்த மணிகளில் ஒரு பகுதி நீரோடு சேர்ந்து கிணற்றுக்குள் பாய்கிறது. 2013-இல் கிணற்றை நிறுத்திய மணல் இதுதான்.

காவிரி டெல்டாவில் பில்டர் பாயிண்ட் இறக்குகிறவர்கள் இந்த மணலோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறார்கள். துளையிட்ட குழாய்க்கு வலை சுற்றி இறக்குவார்கள். வலைக்கண் பெரிதானால் மோட்டார் மணலை இறைக்கும். சிறிதானால் வண்டல் அடைத்து நீர் வராது. ஆழ்கடல் கிணற்றில் சல்லடைக் குழாயையும் சுற்றிலும் கூழாங்கல் நிரப்பலையும் வைத்துச் செய்யும் வேலை இதுவேதான். ஒரு வேறுபாடு: நம் வயலில் குழாயை உருவிக் கழுவி மறுபடி இறக்கலாம். 1,000 மீட்டர் கடலுக்கு அடியில் அதற்குக் கப்பல் வாடகையே தாங்காது.

மூன்றாவது பொடிமண். நன்னீரை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காக. ஆறு கொண்டுவரும் கலங்கல் கழிமுகத்தில் உப்புநீர் பட்டதும் திரண்டு படிகிறது. இது அதன் தலைகீழ். உப்புநீரில் திரண்டு கிடந்த களித்துகள்கள், ஹைட்ரேட் உடைந்து நன்னீர் வந்ததும் பிரிந்து மிதக்கின்றன. சில வகைக் களி நன்னீரை உறிஞ்சி உப்பவும் செய்கிறது. மிதந்த துகள்கள் நீரோட்டத்தில் போய்க் குறுகலான இடங்களில் சிக்கி அடைக்கின்றன. மணற்படிவில் நூற்றுக்கு ஐந்து, பத்துப் பங்கு களி இருந்தாலே இது கவலைக்குரிய விஷயம்.

சீனாவின் அனுபவத்தை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். தென் சீனக் கடலின் ஷென்ஹூ பகுதியில் மணல் குறைவு; களி கலந்த வண்டல்தான். அங்கே வாயு வராது என்றே பலர் கருதினார்கள். 2017-இல் 60 நாளில் 3,09,000 கன மீட்டர் எடுத்தார்கள். 2020-இல் கிணற்றைப் படிவுக்குள் கிடைமட்டமாகத் திருப்பி, 30 நாளில் 8,61,400 கன மீட்டர் எடுத்தார்கள். மண்ணின் ஊடுருவுதிறனை மாற்ற முடியாதபோது மண்ணைத் தொடும் கிணற்றின் நீளத்தைக் கூட்டியது அந்த வெற்றியின் முக்கியக் காரணம். பாராட்ட வேண்டிய பொறியியல். ஆனாலும் அளவைப் பாருங்கள்: நாளுக்கு 28,700 கன மீட்டர். நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் கணக்கில் சுமார் 1,600 சிலிண்டர். அதை எடுக்கக் கடலில் நிறுத்திய பெரிய மிதவை மேடையின் ஒரு நாள் உழைப்புக்கு அது போதாது. வணிக உற்பத்திக்கு நாளுக்குப் பல லட்சம் கன மீட்டர் வேண்டும்.

இனி நம் கடல். 2006-இல் ‘ஜாய்டெஸ் ரெசல்யூஷன்’ கப்பல் 113 நாள் சுற்றி நடத்திய முதல் தேசிய ஹைட்ரேட் ஆய்வுப் பயணத்தில், கிருஷ்ணா-கோதாவரி படுகையின் பத்தாவது களத்தில் 128 மீட்டர் தடிமனுள்ள ஹைட்ரேட் படிவு கிடைத்தது. உலகம் முழுவதும் பேசப்பட்ட கண்டுபிடிப்பு. மின்தடை அளவீட்டை வழக்கமான முறையில் கணக்கிட்டபோது, துளைகளில் பாதிக்கும் மேல் ஹைட்ரேட் என்று வந்தது. அழுத்தம் குறையாமல் எடுத்த மண் மாதிரிகளோ கால் பங்குக்கு மேல் காட்டவில்லை. எக்ஸ்ரே படங்களில் காரணம் தெரிந்தது. கருஞ்சாம்பல் களிக்குள் செங்குத்தாக வெடிப்புகள், அந்த வெடிப்புகளில் மட்டும் ஹைட்ரேட் நரம்பு நரம்பாக ஓடியிருந்தது. கோடையில் வெடித்த கண்மாய்த் தரையின் பிளவுகளில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல. செங்குத்து நரம்புகள் மின் அளவீட்டை ஏமாற்றிவிட்டன. அளவு குறைந்ததைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நரம்பைச் சுற்றியிருப்பது வழிவிடாத களி. நரம்பிலுள்ள ஹைட்ரேட் உடைந்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும். பக்கத்துக் களியோ அழுத்தத்தைக் கடத்தாது. கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத வாயு அது.

இதைப் புரிந்துகொண்டுதான் 2015-இல் இரண்டாம் பயணம் மணலைத் தேடிப் போனது. அதே சிக்யூ கப்பலில், கிருஷ்ணா-கோதாவரி பகுதியின் ஆழ்கடலில் ஹைட்ரேட் நிறைந்த கனமணல் படிவுகள் கிடைத்தன. இந்தியப் பெருங்கடலில் உற்பத்திக்கு வாய்ப்புள்ள முதல் கண்டுபிடிப்பு என்று அமெரிக்க நில அளவைத் துறை 2016-இல் அறிவித்தது. அழுத்தத்தோடு காக்கப்பட்ட மாதிரிகள் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வகங்களுக்குப் போய், அவற்றின் ஊடுருவுதிறனும் உறுதியும் அளக்கப்பட்டன. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கடலடி மாதிரி எடுக்கும் கருவிகளில் நெடுநாளாக உழைத்து வருகிறது. (தமிழ் வாசகர்களுக்கு ஒன்று: டெல்டாவில் மக்கள் எதிர்த்துப் போராடிய மீத்தேன் திட்டம் நிலத்தடி நிலக்கரிப் படுகையிலிருந்து வாயு எடுப்பது. வாயு ஒன்றே ஆனாலும் அது வேறு நிலவியல், வேறு ஆபத்து.)

இப்போது கடலடி நிலத்தின் உறுதிக்கு வருவோம். ஹைட்ரேட் என்றதும் பலரும் சொல்வது ஸ்டோரெக்கா. நார்வேக்கு அப்பால், 8,000 ஆண்டுகளுக்கும் முன்பு, ஏறத்தாழ 3,000 கன கிலோமீட்டர் கடலடி மண் சரிந்து இறங்கியது. எழுந்த ஆழிப்பேரலை ஸ்காட்லாந்து, ஷெட்லாந்து கரைகளில் மணல் படிவாகத் தன் தடத்தை விட்டுப் போயிருக்கிறது. ஹைட்ரேட் உடைந்ததுதான் காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். அந்தச் சரிவின் வடுவுக்குள்ளேயே ஓர்மன் லாங்கே வாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டதால், வாயு எடுப்பதற்கு முன் நார்வே அதைத் தீர ஆராய வேண்டியிருந்தது. கிடைத்த விடை: பனியாறுகள் தள்ளிக்கொண்டு வந்த மண் மென்மையான கடற்களியின் மேல் வேகமாகக் குவிந்தது. களியிலுள்ள நீர் வெளியேற வழியில்லை. நீர் பாரத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு நின்றது. மண்மணிகள் ஒன்றையொன்று அழுந்தப் பற்றவில்லை. ஒரு நிலநடுக்கம் தட்டிவிட்டது. ஹைட்ரேட்டுக்கு அதில் பெரிய பங்கு இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் குற்றவாளி மாறவில்லை என்றே நான் சொல்வேன். வழிவிடாத மண்தான் அங்கும் காரணம்.

நீர் அழுத்தம் ஏறினால் மண் தளரும், இறங்கினால் இறுகும். இந்த அடிப்படையில் பார்த்தால் வாயு எடுக்கும் முறைகள் இரண்டும் எதிரெதிரானவை. அழுத்தத்தைக் குறைக்கும் முறை கிணற்றைச் சுற்றியுள்ள மண்ணை இறுக்குகிறது. தரை கொஞ்சம் அமிழலாம், குழாய் வளையலாம், ஆனால் சரிவு தளராது. சூடாக்கும் முறையில் வாயு பிறக்கிறது, வெளியேற வழியில்லாத களியில் அது அழுத்தமாகத் திரள்கிறது, மண் மிதக்கத் தொடங்குகிறது. இதற்கு ஹைட்ரேட் கிணறுதான் வேண்டும் என்றில்லை. ஆழத்திலிருந்து சூடான எண்ணெயை ஏற்றும் சாதாரணக் கிணறு ஹைட்ரேட் அடுக்கைத் துளைத்துச் சென்றாலும் சுற்றுமண் ஆண்டுக்கணக்கில் சூடாகும்.

அழுத்தக் குறைப்பிலும் கவலை இல்லாமல் இல்லை. அது கிணற்றை மூடிய பிறகு தொடங்குகிறது. நீர் மெல்லத் திரும்பி வந்து பழைய அழுத்தத்தை அடைகிறது. முன்பு மணிகளைப் பிணைத்திருந்த ஹைட்ரேட் இப்போது இல்லை. வெளியேறாத வாயுக் குமிழிகள் உள்ளே இருக்கின்றன. பழைய அழுத்தத்தைப் பலவீனமான மண் எதிர்கொள்ள வேண்டும். மேலே மூடியாக இருக்கும் களி அடுக்கு வழிவிடாமல் இருப்பது வாயுக் கசிவைத் தடுக்கும் நன்மை. அதே குணத்தால், அந்தக் களிக்குள் அழுத்தம் சமநிலை அடைய நெடுங்காலம் ஆகும். மண் இயக்கவியலின் பழைய விதிப்படி களியின் தடிமன் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். பத்து மீட்டர் தடிமனுள்ள கடற்களிக்கு அது பல ஆண்டுகள்; மென்களியானால் பத்தாண்டுகளையும் தாண்டும்.

ஜப்பான் ஆறு நாளும் 24 நாளும் வாயு எடுத்தது. சீனா 30 நாளும் 60 நாளும். கடலடியில் கருவிகள் வைத்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க மீத்தேன் கசிவு இல்லை என்று இரு நாடுகளும் அறிவித்தன. அந்த அறிவிப்புகளை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அழுத்த மாற்றம் களிக்குள் நுழைந்து முடிக்கவே ஆண்டுகள் ஆகும்போது, 60 நாள் அமைதியாக இருந்தது என்பது நிலத்தின் உறுதிக்குச் சான்று ஆகாது. அது கிணற்றின் உறுதிக்குச் சான்று. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது தவறு.

கிருஷ்ணா-கோதாவரிச் சரிவு, இரண்டு பெரிய ஆறுகள் ஓயாமல் மண் கொட்டும் இடம். பழைய கடலடிச் சரிவுகளின் படிவுகள் அங்கே நில அதிர்வுப் படங்களில் தெரிகின்றன. அந்தக் கரையில் மீனவர்கள் வாழ்கிறார்கள், ஏற்கெனவே வாயு வயல்களும் குழாய்களும் இருக்கின்றன. அதனால் அங்கே உற்பத்திச் சோதனை என்று முடிவெடுக்கும் நாளில் மூன்றைக் கேட்க வேண்டும். ஹைட்ரேட் மணலின் ஊடுருவுதிறனோடு, அதற்கு மேலும் கீழுமுள்ள களி அடுக்குகளின் ஊடுருவுதிறனும் அளக்கப்பட்டதா? களிக்குள்ளேயே அழுத்தமானிகள் புதைக்கப்பட்டனவா? கிணற்றை மூடிய பிறகும் எத்தனை ஆண்டு அவற்றைப் படிப்பார்கள், அந்த எண்கள் வெளியிடப்படுமா?

இவற்றைக் கேட்க இன்னும் காலம் இருக்கிறது. இந்தியக் கடலில் இதுவரை ஹைட்ரேட்டிலிருந்து வாயு எடுக்கும் சோதனை ஒன்றுகூட நடக்கவில்லை.